கடைமடையிலிருந்து கந்தளாய்க்கு

திருகோணமலை என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன இரண்டு. கடலை நோக்கி நிற்கும் சுவாமிமலைப் பாறையும் அதன் உச்சியில் விளங்கும் கோணேசர் ஆலயமும் ஒன்று. பெருங்கப்பல்கள் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது தங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் மற்றொன்று. அந்தத் துறைமுகத்தைக் கைப்பற்றுவதற்காக ஐரோப்பிய வல்லரசுகள் மாறி மாறிப் போரிட்ட கதையை மாணவர்கள் சரித்திர நூல்களிற் படித்திருப்பார்கள். ஆனால், அத்துறைமுகத்தின் பின்புறத்தே, காட்டுக்கும் கடலுக்கும் இடையில், ஒரு பெருங் குளத்தையும் அதன் நீரை நம்பி வாழும் வயல்களையும் ஊர்களையும் கொண்ட ஒரு சிறு நாடு இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்குளம் கந்தளாய்க் குளம். அந்நாட்டின் கடைக்கோடியிலே கடலைத் தொட்டுக்கொண்டு கிடப்பது தம்பலகாமம்.

கந்தளாய்க்குச் செல்லும் பயணிகள் நேரே குளக்கட்டில் ஏறி, பரந்து கிடக்கும் நீரைப் பார்த்து வியந்து, வீதியோரக் கடையில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கம். நாமும் முன்னர் அவ்வாறே செய்தோம். இம்முறை, ஆடி மாதத்துக் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில், அவ்வழக்கத்தை மாற்றிப் பார்க்க எண்ணினோம். நீர் எங்கே போய் முடிகிறதோ அங்கே தொடங்கி, அது வந்த வழியே எதிர்த்துச் சென்று, குளத்தை அடைவது என்று தீர்மானித்தோம். குளத்தின் பெருமை குளத்தருகே தெரிவதிலும் பார்க்கக் கடைமடையிலேதான் நன்றாகத் தெரியும் என்பதை அன்று மாலையில் உணர்ந்துகொண்டோம்.

திடல்களின் ஊர்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கண்டி வீதியில் பஸ் வண்டி புறப்பட்டது. இப்பகுதி மக்கள் மைலைக் 'கட்டை' என்றே வழங்குவர். இடத்துக்குப் பெயரிருந்தாலும், இத்தனையாங் கட்டை என்று சொன்னால்தான் பஸ் நடத்துநருக்கு விளங்கும்! சீனக்குடாவைக் கடக்கும்போது, ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் மரங்களின் நடுவே தலைகாட்டுகின்றன. சிறிது தூரத்தில் இடப்பக்கத்தே மரங்கள் விலகி, அலையில்லாத ஒரு நீர்ப்பரப்பு தோன்றுகிறது. அதுவே தம்பலகாமக் குடா. கிண்ணியாவின் அருகிலுள்ள ஒடுங்கிய வாயினூடாகக் கடலோடு தொடர்புகொண்டிருக்கும் இக்குடாவைக் காண்போர் ஏரி என்றே எண்ணுவர். முன்னர் மிதவைப் படகில் மக்கள் கடந்து சென்ற அவ்வாயின் மேலாக 2009ஆம் ஆண்டில் பாலம் அமைந்தது.

இக்குடாவிலே ஒருவகைச் சிப்பி வாழ்கிறது. அதன் ஓடு தட்டையானது. கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவது. மன்னார்க் கடலின் முத்துச் சிப்பியைப் போலப் புகழ் பெறாவிட்டாலும், இதுவும் சிறு முத்துக்களைத் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கே முத்துக்குளிப்பு நடைபெற்றது. ஊருக்குள்ளே சிப்பித்திடல் என்று ஓர் இடம் இருக்கிறது. வயல் நடுவே இருந்தாலும் கடலின் அண்மையை அப்பெயரே எடுத்துச் சொல்கிறது.

'திடல்' என்னும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். தம்பலகாமத்து வீடுகள் ஒரு வீதியின் இருமருங்கும் வரிசையாக அமைந்தவை அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அதன் நடுவே ஆங்காங்கு சற்று உயர்ந்த மேட்டு நிலம். அம்மேட்டிலே தென்னையும் மாவும் புளியும் சூழச் சில வீடுகள். இதுவே திடல். பெரும்போகக் காலத்திலே வாடைக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும்போது, வயலெல்லாம் வெள்ளக்காடாகி, ஒவ்வொரு திடலும் ஒரு சிறு தீவாகத் தோன்றும். மேடான இடத்தை மனிதனுக்கும் பள்ளமான இடத்தை நெல்லுக்கும் விட்டுக் கொடுத்த முன்னோரின் குடியமைப்பு இது. விளைநிலத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டும் இக்காலத்தவர் இதனைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

இத்தகைய திடல்களின் நடுவே ஆதிகோணநாயகர் ஆலயம் அமைந்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பியபோது, அடியார்கள் சில திருவுருவங்களை மறைத்துக் காப்பாற்றினர் என்பதும், அவை பின்னர் தம்பலகாமத்தை அடைந்தன என்பதும் வழிவழி வந்த வரலாறு. கடலோரத்திலே காக்க முடியாத தெய்வத்தை வயல் நடுவே வைத்துக் காத்த ஊர் இது.

கோயிலை வணங்கிவிட்டு வயல் வரம்பிலே நடந்தோம். சிறுபோகப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. கதிர் வெளிவந்து பால்பிடிக்கும் பருவம். ஆயினும் வயலிலே நீர் இல்லை. காலடியில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வாய்க்காலோரத்து மருத மரத்தின் கீழே, மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதிய கமக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, பயிர் வாடுகிறதே, தண்ணீர் இல்லையா?" என்று கேட்டோம்.

"தண்ணீர் இருக்கு, தம்பி. குளத்திலே இருக்கு, இங்கேதான் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். "எங்கட முறை இன்றைக்குப் பொழுதுபட வருகுது. மேலே ஒருத்தரும் மறிக்காமல் விட்டால் வரும். நாங்கள் வாலிலே இருக்கிறோம். தலையிலே இருக்கிறவன் குடிச்சு மிஞ்சினால்தானே வாலுக்கு!"

"வராவிட்டால்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு கதிரைக் கையிலெடுத்து, ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெண்ணிறப் பால் கசிந்தது. "இன்னும் நாலைந்து நாள் தண்ணீர் இல்லையென்றால் இது பதராய்ப் போகும். நெல்லும் போகும், பட்ட கடனும் நிற்கும்" என்றார். பிறகு, "குளத்துக்குப் போகிறீர்களா? போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் எவ்வளவு நிற்குதென்று எனக்கும் சொல்லுங்கோ, தம்பி" என்று விடை கொடுத்தார்.

அவ்வார்த்தையைச் சுமந்துகொண்டே நாம் மேற்கொண்டு பயணமானோம்.

ஒரு நீர், பல குடிகள்

சிறுபோகம் என்பது முற்றிலும் குளத்தை நம்பிய வேளாண்மை. ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்யும் வாடை மழையில் பெரும்போகம் விளைந்துவிடும்; குளம் துணைக்கு நின்றாற் போதும். சித்திரைக்குப் பின்னரோ இந்நாட்டில் மழை அரிது. மாரியிலே குளத்தில் தேக்கிய நீரை அளந்து, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்ன நாளில் மதகு திறக்கலாம், இன்ன பகுதிக்கு இன்ன நாள் முறை என்று போகத்தின் தொடக்கத்திலே கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டங்கூடி முடிவு செய்கிறார்கள். அம்முடிவிலேதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுத்த ஆறு மாதத்துச் சோறு அடங்கியிருக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து கந்தளாய் நோக்கிச் செல்லும் வழியில் குடிகளின் தோற்றம் மாறிக்கொண்டே வருவதைக் காணலாம். திடல்களிலே பழந்தமிழ்க் குடிகள். முள்ளிப்பொத்தானையிலே பள்ளிவாசலின் வெண்மாடமும் முஸ்லிம் மக்களின் கடைவீதியும். அதற்கப்பால், வாய்க்காலை ஒட்டி ஒரே அளவான காணிகளில் அமைந்த சிங்கள மக்களின் குடியேற்ற ஊர்கள். இக்குடியேற்றத் திட்டம் பெரும்பாலும் 1950களில் வளர்ந்தது. காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த காணியற்ற உழவர்களை அரசாங்கம் இங்கே இருத்தியது. செக்கோசிலோவாக்கிய நாட்டின் உதவியோடு கந்தளாயில் ஒரு சீனித் தொழிற்சாலையும் எழுந்தது. கரும்பு வயல்கள் பரந்திருந்த அக்காலம் இப்போது இல்லை. தொழிற்சாலையும் 1990களில் ஓய்ந்துவிட்டது.

இக்குடியேற்றங்கள் மாவட்டத்தின் மக்கள் விகிதத்தை மாற்றின என்பதையும், அதனால் எழுந்த கசப்பு இந்நாட்டு அரசியலில் ஆறாத புண்ணாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலே இவ்வீதியின் இருபுறத்து ஊர்களும் அச்சத்திலே உறங்கின. தம்பலகாமத்துக் குடும்பங்கள் பல, விளைந்த வயலையும் விட்டு ஓடின. திரும்பி வந்தோர் வரம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இதே மாவட்டத்தின் தெற்கே மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதனைத் திறப்பதற்கென்று தொடங்கிய சண்டை பெரும்போராக மூண்டதும் நம் நினைவிலிருந்து மறையவில்லை. ஒரு மதகு மூடினால் வயல் மட்டுமா காயும்? மனமும் காயும், நாடும் எரியும்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். வீதியோரத்தில் நாம் இறங்கித் தேநீர் அருந்திய கடையிலே இரு மொழிப் பேச்சும் ஒன்றாய்க் கலந்து கேட்டது. பேசியவர் மூவகையினராயினும் பேச்சு ஒன்றே. "குளத்தில் எவ்வளவு நிற்கிறது? எப்போது முறை?" என்பதே அது.

கட்டியவன் யார்?

கந்தளாய்க் குளக்கட்டில் ஏறியதும், கச்சான் காற்று முகத்திலறைந்தது. முன்னே கடல்போலக் குளம். ஆடியின் வறட்சியில் நீர் வெகுவாகப் பின்வாங்கியிருந்தது. வெளிப்பட்ட குளத்து நிலத்தில் புல் முளைத்து, எருமைகள் கூட்டங்கூட்டமாய் மேய்ந்தன. நீரோரத்தில் கொக்குகளும் நாரைகளும் ஒற்றைக் காலில் தவமிருந்தன. அப்பாலுள்ள காட்டிலிருந்து, பொழுது சாயும் வேளையில் யானைகள் நீருக்கு இறங்குமென்று கூறினார்கள்.

இக்கட்டின் நீளம் ஏறக்குறைய 14,000 அடி. அதாவது இரண்டரை மைலுக்கும் அதிகம். உயரம் 50 அடியளவாகும். பேராற்றை மறித்து எழுப்பிய இந்த மண்மலையின் நீர்ப்பக்கத்தே, அலை மண்ணைக் கரைக்காதபடி கருங்கற்களை அடுக்கியிருக்கிறார்கள். மின்னேரியாவிலிருந்து வரும் நெடிய கால்வாயும் இக்குளத்துக்கு நீர் சேர்க்கிறது.

இதனைக் கட்டியவன் யார் என்று கேட்டால், கிடைக்கும் விடைகள் பல. கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூலை அறிந்தோர் குளக்கோட்டு மன்னனைச் சொல்வர். குளமும் கோட்டமும் கட்டியவனாதலின் அவனுக்குக் குளக்கோட்டன் என்னும் பெயர் அமைந்தது என்பர். கோயிலுக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டும். ஆகவே கோயிலைக் கட்டியவனே குளத்தையும் கட்டினான் என்பது அவ்வரலாற்றின் உட்பொருள். பாளி மொழியிலுள்ள சூளவம்சமோ, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனின் திருப்பணிகளில் இக்குளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கஜபாகு மன்னன் தன் இறுதி நாள்களைக் கழித்ததும் இவ்வூரில்தான் என்று அந்நூல் கூறும். அவனே தமிழ் மரபிலே கயவாகு என்னும் பெயருடன் வருகிறான். இழந்த பார்வையை அவன் மீண்டும் பெற்றமையால் 'கண் தழை' என்று வழங்கி, அதுவே கந்தளாய் என மருவிற்று என்பது ஊரார் கூறும் கதை.

ஏட்டிலுள்ளவற்றை விட்டுக் கல்லிலுள்ளதைப் பார்ப்போம். கந்தளாய்க்கு அண்மையிலுள்ள பாலமோட்டையிலே ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. முதலாம் விஜயபாகு மன்னனது 42ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னர் பொறித்தது அது. அக்காலத்தில் இவ்வூர் அந்தணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலமாக இருந்தது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண்மணி, மறைந்த கணவனை நினைந்து இங்குள்ள சிவாலயத்துக்கு அறக்கொடை வழங்கினாள். அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டனர். பௌத்த மன்னனின் ஆட்சியிலே, சைவப் பெண்மணி ஒருத்தியின் கொடையைப் போர்வீரர் காத்து நின்ற காட்சியை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது.

அறம் செய்வதோடு நம் முன்னோர் அமையவில்லை. அதனைக் காப்பவர் யார் என்பதையும் கல்லிலே எழுதினார்கள். குளத்துக்கும் இது பொருந்தும். குளம் கட்டிய மன்னனுக்குப் புகழ் ஒரு நாளில் வந்துவிடும். அதனைக் காப்பவனுக்கோ ஒவ்வொரு நாளும் வேலை.

இலங்கையிலே இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை 1832ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒழித்தனர். மனிதனை அடிமைபோல் நடத்திய முறை ஒழிந்தது நன்றே. ஆனால் குளக்கட்டைச் செப்பனிடுவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் அம்முறையோடு பிணைந்திருந்தமையால், அவற்றைச் செய்வாரில்லாமற் குளங்கள் பல பாழடைந்தன. 1856ஆம் ஆண்டில் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றி, கிராமத்தாரின் பழைய கூட்டுழைப்பை மீண்டும் உயிர்ப்பிக்க அவர்களே முயல வேண்டியதாயிற்று. காடு மூடிக் கிடந்த கந்தளாய்க் குளமும் 1870களிலே திருத்தப்பெற்றது. தமிழ்நாட்டிலே குடிமராமத்து என்னும் வழக்கம் தளர்ந்தபோது ஏரிகள் தூர்ந்த கதையும் இதுவேயாகும்.

ஓர் இரவு

குளக்கட்டிலே நாம் சந்தித்த ஒரு சிங்கள முதியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இளமையிலே குளக்கட்டு வேலையில் ஈடுபட்டிருந்தவராம். இப்போது வேலை இல்லை. ஆயினும் காலையிலும் மாலையிலும் கட்டின் கீழ்ப்புறத்தே ஒரு முறை நடந்து வராவிட்டால் உறக்கம் வராது என்றார். உடைந்த தமிழிலே அவர் எமக்கு ஒரு பாடம் நடத்தினார்.

"மாத்தயா, மண் கட்டில தண்ணி கசியும். அது பயமில்லை. தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்லை. கலங்கின தண்ணி வந்தா, அன்னைக்கு நித்திரை இல்லை!"

இதன் பொருளை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். எந்த மண்ணணையினூடும் சிறிதளவு நீர் கசியவே செய்யும். அந்நீர் தெளிவாக வந்தால் மண் தன்னிடத்திலே இருக்கிறது என்பது பொருள். கலங்கி வந்தால், உள்ளேயிருக்கும் மண்ணையும் சுமந்து வருகிறது என்பது பொருள். மண் போன இடத்திலே வெளி உண்டாகும். அவ்வெளி வழியே நீர் இன்னும் விரைந்து பாயும். மேலும் மண்ணை அரிக்கும். ஊசித் துளையாகத் தொடங்கியது சில மணி நேரத்திலே பெருவாயாகிவிடும். கட்டிலே பெருமரம் வளரவிடாமல் வெட்டுவது ஏன்? மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அதன் வழியே நீருக்குப் பாதை கிடைத்துவிடும். கறையான் புற்றும் எலி வளையும் நண்டு வளையும் அத்தகையனவே. ஐம்பதடி உயரத்து மலையை எதிரியின் பீரங்கி உடைக்க வேண்டியதில்லை. ஒரு நண்டு போதும்.

அவர் இவ்வளவு கவலையோடு நடப்பதற்குக் காரணம் இருந்தது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு பிறந்து ஆறே நாள்கள். புத்தாண்டுப் பலகாரம் வீடுகளில் இன்னும் மிஞ்சியிருந்த நேரம். பொழுது விடியுமுன், ஊர் உறங்கும் வேளையிலே, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறக்குறைய 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. பல நூற்றாண்டுகளாக நின்ற கரை ஓர் இரவிலே போயிற்று.

"தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று தண்ணி கேட்கல்ல, மாத்தயா" என்றார் முதியவர். அன்றிரவு தம் அயல் வீட்டிலே ஐவர் இருந்ததாகவும், விடிந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை என்றும் கூறி, நெடுநேரம் பேசாமல் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னர் கட்டைத் திருத்தி மீண்டும் எழுப்பினார்கள். இன்று திருகோணமலைப் பட்டினத்திலே குழாயைத் திறந்து குடத்தை வைக்கும் இல்லத்தரசிக்கும் இக்குளத்து நீரே வருகிறது. குளத்தைக் கண்ணாற் காணாத குழந்தையும் அதனைக் குடித்தே வளர்கிறது.

நாம் விடைபெறும்போது, தம்பலகாமத்திலே நமக்காகக் காத்திருக்கும் கமக்காரரைப் பற்றி அவரிடம் சொன்னோம். அவர் மதகுப் பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். திறந்த மதகினூடாக நீர் நுரைத்துச் சுழித்து வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. "போகுது, மாத்தயா. நடுவுல மறிக்காம இருந்தா பொழுதுபட அங்க போகும். குளத்துல தண்ணி இருக்கு, பயப்பட வேணாம் என்று சொல்லுங்க" என்றார்.

தலையிலிருப்பவரும் வாலிலிருப்பவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் சொல்லிலும் 'மறிக்காமல்' என்ற சொல் ஒன்றாயிருந்தது.

நீர் வந்தது

திரும்பும்போது நீரோடு நாமும் போட்டியிட்டோம். பஸ் வண்டி எம்மைத் தம்பலகாமத்துச் சந்தியில் இறக்கியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வயற்பாதையில் நடந்து மருத மரத்தை அடைந்தோம். கமக்காரர் அங்கேயே இருந்தார். அவரோடு மேலும் நாலைந்து பேர் மண்வெட்டியோடு கூடியிருந்தனர். எல்லாருடைய கண்ணும் வாய்க்காலின் மேற்றிசையிலேயே இருந்தன.

"குளத்திலே தண்ணீர் இருக்கிறதாம், ஐயா. பயப்பட வேண்டாம் என்று குளக்கட்டிலே ஒரு பெரியவர் சொல்லியனுப்பினார்" என்றோம்.

"ஆர் அது?"

பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளக்கட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிங்களப் பெரியவர் என்றோம். கமக்காரர் தலையசைத்தார். "அவன் நல்லாயிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

இருள் பரவத் தொடங்கிய நேரம். வாய்க்காலின் வறண்ட மணலிலே முதலில் ஒரு கருமை தெரிந்தது. அது மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. முன்னே சருகும் குச்சியும் நுரையும், பின்னே நீர். கூடியிருந்தோர் ஒன்றும் பேசவில்லை. முதியவர் இறங்கி, தம் வயலின் வக்கடையை மண்வெட்டியால் வெட்டிவிட்டார். வெடித்த மண் நீரை உறிஞ்சும் ஓசை தெளிவாகக் கேட்டது. சற்று நேரம் பார்த்து நின்றவர், எம்மை நோக்கி, "என் பங்கு இரண்டு மணித்தியாலம், தம்பி. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு விடவேணும். அவனுக்கும் பயிர் பால்பிடிச்சு நிற்குது" என்று சொல்லி, கிழக்கே குடாவை ஒட்டியிருந்த வயலைக் காட்டினார்.

கடைமடைக்கும் அப்பால் ஒரு கடைமடை இருக்கிறது! தமக்குக் கீழே இன்னொருவன் காத்திருக்கிறான் என்பதை மறவாதிருக்கும் வரையிலேதான் நீர் கடைசி வயல் வரை போகும்.

குளக்கோட்டன் கட்டினானா, அக்கபோதி கட்டினானா என்று அறிஞர்கள் ஆராயட்டும். குளம் நிற்பது கட்டியவன் பெயரால் அன்று. கலங்கிய நீரைக் கண்டால் உறங்காத முதியவராலும், இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் வக்கடையைத் தாமே அடைக்கும் கமக்காரராலுமே அது நிற்கிறது. ஊர்களுக்கிடையிலுள்ள நல்லுறவும் ஒரு மண்கரை போன்றதே. கட்ட நெடுங்காலம் செல்லும். உடைய ஓர் இரவு போதும். அதிலும் சிறு கசிவைக் கண்டவுடன் கவனிப்பாரும், அன்றாடம் ஒரு முறை நடந்து பார்ப்பாரும் வேண்டும்.

திருகோணமலைக்குச் செல்லும் வாசகர்கள் கோணேசரை வணங்கி, துறைமுகத்தின் அழகையும் கண்டு களிப்பதோடு நின்றுவிடாமல், ஒரு நாளைத் தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குளத்தை அவர்களுக்குக் காட்டுமுன், நீர் போய்ச் சேரும் கடைசி வயலைக் காட்டுங்கள். அங்கே நின்று ஒரு நாழிகை நீருக்காகக் காத்திருந்தால், குளம் என்பது என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.